இத்தாலி அண்ணன் தோண்டிய சனிக்கிழமை

குப்பைக்கு மரியாதை கொடுப்பதில் இத்தாலி அண்ணனை மிஞ்ச இந்த ஆக்லாந்து நகரத்தில் ஒரு ஆள் பிறக்கவில்லை, இனியும் பிறக்கப் போவதில்லை. நீங்களும் நானும் வாழைப்பழத் தோலை வீசுவோம். அவர் வைப்பார். வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பி வைக்கிற தகப்பன் மாதிரி முகம் இருக்கும்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் சான்ட்ரிங்ஹாம் மெயின் ரோட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. மளிகைக் கடையிலும் முடிவெட்டும் கடையிலும் அவர் 'இத்தாலி'தான். யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன வயதில் ஊரைவிட்டுக் கிளம்பி, எங்கெங்கோ அலைந்து, தெற்கு இத்தாலியில் ஒரு சிறிய ஊரில் போய் ஒதுங்கியவர். அங்கே ரோமர் காலத்து வீடுகளைத் தோண்டும் இடத்தில் மண் கூடை சுமக்கிற வேலை கிடைத்தது. சுமந்துகொண்டே பார்த்தார், பார்த்துக்கொண்டே படித்தார், கடைசியில் பட்டம் வாங்கித் தொல்லியல்காரராகவே ஆகிவிட்டார். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு, ஹில்ஸ்பரோவில் இருக்கும் தங்கை கூப்பிட்டாள் என்று நியூசிலாந்து வந்தார்.

தங்கை வீட்டில் மூன்று வாரம் தாக்குப்பிடித்தார். சோபாவை நகர்த்தி அந்த அம்மா வாக்யூம் போடப் போக, "பொறு பொறு, முதல்ல ஒரு படம் எடுப்பம்" என்று இவர் கேமராவோடு குறுக்கே விழுந்திருக்கிறார். சோபாவுக்கு அடியில் கிடந்ததை எல்லாம் வரைபடம் போட்டுக் குறித்த பிறகுதான் கூட்ட விட்டாராம். நாலாவது வாரம் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வாடகைக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் வீடு என்றால் நானும் என் மனைவி கோமதியும். இரண்டு பேருக்கும் பாளையங்கோட்டை. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறவன். ஒழிந்த நேரத்தில் இப்படி எதையாவது எழுதுவேன். கோமதிக்கு ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் வேலை. அவள் பெருமாள் பக்தை. எனக்கும் பக்தி உண்டு, சாப்பாட்டு வேளை தவிர.

அண்ணன் வந்த முதல் நாளே ஒரு கலவரம். கோமதி துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு அவசரமாகப் படியிறங்கியிருக்கிறாள். அவர் எதிரே வந்து, "ஆறுதலாப் போங்கோ தங்கச்சி, ஆறுதலா" என்று சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் அதற்கு 'மெதுவாக' என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஆறுதல் சொல்வது எழவு வீட்டில்தான். கோமதி கூடையைப் போட்டுவிட்டு வெளிறிப்போய் என்னிடம் ஓடி வந்தாள். "ஏங்க, எங்க வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆயிட்டுதா? என்கிட்ட மறைக்கீங்களா?" என்றாள். ஊருக்குப் போன் போட்டு, மாமனார், மாமியார், சித்தப்பா, பசுமாடு எல்லாரும் நலம் என்று தெரிந்த பிறகுதான் துணி காயப்போட்டோம்.

அவருக்கு இங்கே வெஸ்ட்கேட் பக்கம் வேலை. புதிதாக வீடு கட்ட நிலத்தைத் தோண்டும்போது ஆரஞ்சு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பார். மண்ணின் நிறம் மாறினால் கையைத் தூக்குவார். இயந்திரம் நிற்கும். அவர் குழியில் இறங்கி ஒரு சின்னக் கரண்டியால் சுரண்டுவார். பழைய மருந்துப் புட்டி, உடைந்த தட்டு, எப்போதாவது முன்னோர் காலத்து மாவோரிக் குடும்பங்கள் சாப்பிட்டுப் போட்ட சிப்பிகள். சிப்பி கிடைத்த நாளில் அந்த மண்ணின் மக்கள் வந்து பிரார்த்தனை சொல்லி முடிக்கும்வரை ஒரு ஓரமாகக் கைகட்டி நிற்பாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தாலும் அதிகம் பேச மாட்டார். "ஆரோ ஒரு தாய் பிள்ளையளுக்குக் குடுத்த சாப்பாடு தம்பி. நான் அதுக்குப் பக்கத்தில நிண்டு சான்ட்விச் சாப்பிட்டனான்" என்றார் ஒரு தடவை.

"அண்ணே, இத்தாலியில ரெண்டாயிரம் வருஷத்து வீட்டத் தோண்டிட்டு, இங்க வந்து நூறு வருஷத்துப் பாட்டிலப் பாத்தா உங்களுக்குச் சப்புன்னு இருக்காதா?" என்று கேட்டேன்.

"அங்க நூறு வருஷம் எண்டால் நேற்றுப் பின்னேரம் தம்பி. நூறு வருஷப் பானையில பூக்கண்டு வைப்பினம். இஞ்ச அதுக்காக மிஷினையே நிப்பாட்டுறம்."

"எது சரி?"

"ரெண்டும் சரிதான். நேற்றுப் பின்னேரத்தையும் ஆரோ பாக்கத்தானே வேணும்."

இப்படித்தான் எதையாவது சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் காப்பி போடப் போய்விடுவார். எனக்குத்தான் அன்றைக்கு வேலை ஓடாது.

அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. எந்தப் பொருளைக் காட்டினாலும் அது என்ன என்று கேட்க மாட்டார். "எங்க கிடந்தது?" என்றுதான் கேட்பார். ஒருமுறை அவருடைய மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று வீடே தேடியது. நான் சோபாவில் கண்டெடுத்து நீட்டினேன். நன்றி சொல்வார் என்று பார்த்தால் முகம் கடுத்துவிட்டது.

"எங்க கிடந்தது?"

"சோபாவுலண்ணே."

"சோபாவில எங்க? மேலயோ, இடுக்கிலயோ? மடிச்சுக் கிடந்ததோ, திறந்து கிடந்ததோ?"

"பாக்கலையே. சட்டுனு எடுத்துட்டேன்."

"அப்ப எல்லாத்தையும் அழிச்சுப்போட்டீர்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மடித்திருந்தால் அவரே வைத்தது, திறந்திருந்தால் படித்தபடி தூங்கியது, இடுக்கில் இருந்தால் என்மீது சந்தேகம். கிடந்த இடம் தெரியாத பொருளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று அரைமணி நேரம் வகுப்பு எடுத்தார். அந்த அரைமணி நேரமும் கண்ணாடியைக் கையிலேயே வைத்திருந்தார், போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் பின்னால் உரக்குழி வெட்டியது அவர்தான். நாலு பக்கமும் நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கும். தினமும் மாலையில் சமையலறைக் கழிவைக் கொண்டுபோய் ஒரே சீராகப் பரப்ப வேண்டும். இறைச்சியும் எலும்பும் போடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிளறவே கூடாது. கிளறினால்தான் உரம் மக்கும் என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொல்லிப் பார்த்தார். "மக்கிறது முக்கியமில்லை" என்று அண்ணன் அவரை அனுப்பிவிட்டார். ஆக, எங்கள் குழியில் குப்பை மக்கவே இல்லை. அடுக்கடுக்காக அப்படியே இருந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு தக்காளிகூடக் காய்த்ததில்லை.

"பத்திரமா வைச்ச சாமான் ஒண்டும் எங்கட கைக்கு வாறேல்லை தம்பி" என்பார் குழிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு. "நகையை உருக்கிப்போடுவினம், வீட்டை இடிச்சுப்போடுவினம். எறிஞ்சதும் துலைச்சதும்தான் மிஞ்சும். ரோமாபுரியைப் பற்றி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவையள் வேண்டாமெண்டு எறிஞ்சதிலயிருந்துதான்."

இனி என் பாவத்துக்கு வருகிறேன்.

புரட்டாசி மாதம் எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. சனிக்கிழமைகளில் கோமதி விரதம். சமையலறை ஜன்னல் திண்டில்தான் எங்கள் பூஜை. பெருமாள் படம், சின்ன விளக்கு, அதன் முன்னால் சாம்பிராணி போடுவதற்காகக் காயவைத்த தேங்காய்ச் சிரட்டைகள். அண்ணனுக்கும் புரட்டாசிச் சனி உண்டு, ஆனால் ஆள் வேறு. "எங்கட ஊரில இது சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற நாள்" என்று அவர் பங்குக்கு ஒரு விளக்கு வைப்பார். கோமதிக்காக அந்த மாதம் முழுக்க வீட்டுக்குள் மீனைக்கூட அவர் தொடவில்லை. தொட்டவன் நான்.

இரண்டாவது சனிக்கிழமை. கோமதி காலை டியூட்டிக்குப் போயிருந்தாள். அண்ணன் தங்கை வீட்டில். நான் கடைத்தெருவுக்குப் போனவன் ஒரு பெட்டி பொரித்த கோழியோடு திரும்பினேன். அன்றைக்கு என்னைப் பிடித்தது அண்ணன் விளக்கு வைத்த ஆளாகத்தான் இருக்க வேண்டும். நாலு துண்டு முடித்திருப்பேன். மூன்றரைக்கு வர வேண்டிய கோமதியின் கார் ஒரு மணிக்கே வாசலில் நின்றது.

அட்டைப் பெட்டியை மடித்துச் சட்டைக்குள் செருகினேன். எலும்பை? ஜன்னல் திண்டிலிருந்து கைக்கு வந்த சிரட்டையை எடுத்தேன். அதன் உள்ளே, அடியில் ஏற்கெனவே ஒரு டிஷ்யூ பேப்பர் சுருண்டு கிடந்தது. எலும்புகளை அதன்மேல் போட்டு, இன்னொரு சிரட்டையைக் கவிழ்த்து மூடி, முழுத்தேங்காய் மாதிரி ஆக்கி, பின்கதவு வழியாக ஓடி, உரக்குழியில் தேயிலைச் சக்கைக்குள் அழுத்திவிட்டு வந்தேன். உள்ளே வந்து ஒரு வெற்றிலையை மென்றேன். "என்ன, விரதத்தன்னைக்கு வெத்தல?" என்றாள் கோமதி. "வாய் கசந்துச்சு" என்றேன்.

அன்று மாலைதான் அவள் தாலியைக் காணோம் என்றாள்.

ஸ்கேன் அறைக்குள் நகை ஆகாது. டியூட்டி நாளில் தாலிச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய், வந்ததும் போட்டுக்கொள்வாள். எங்கே கழற்றினோம் என்பது அன்றைய அவசரத்தில் அவளுக்கு மறந்துவிட்டது. ஆஸ்பத்திரி லாக்கரில்தான் என்று சாதித்தாள். லாக்கரில் இல்லை. காரின் இருக்கைகளைக் கழற்றிப் பார்த்தோம். வாஷிங் மெஷினைக் கவிழ்த்தோம். ஒரு வாரம் ஓடிற்று. அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் வீடியோவில் வருகிற அம்மாவுக்குத் தெரியாமலிருக்க ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துவிட்டு உட்காருவாள். "வேற வாங்கிக்கலாம் கோமதி" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். "வேற வாங்குறது நகை" என்றாள்.

பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை சாயங்காலம், விளக்கேற்ற உட்கார்ந்தவள் திடுக்கென்று எழுந்தாள்.

"சிரட்டை! பெருமாள் படத்துக்கு முன்னால இருந்த சிரட்டையிலதான் வச்சேன். டிஷ்யூவுல சுத்தி வச்சேங்க!"

அந்த டிஷ்யூ. அதன்மேல் நான் போட்ட நாலு துண்டின் எலும்பு. தாலி எங்கே இருக்கிறது என்று அந்த வீட்டில் அங்குலம் பிசகாமல் தெரிந்த ஒரே ஆள் நான்.

காப்பிக் கோப்பையோடு வந்த அண்ணன் நின்றார். "சிரட்டை எண்டால் என்ர குழிக்குள்ளதான் கிடக்கும். ஆர் கொண்டுபோய்ப் போட்டது?"

"ஞாபகம் இல்லண்ணே. நானாத்தான் இருக்கும். எப்பன்னு தெரியல" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப தாலி குழிக்குள்ளயாண்ணே இருக்கு?" என்று கோமதி விம்மினாள். அந்த நேரம் பார்த்து, அடுப்பு மேடையில் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து என் மாமியாரின் குரல் கேட்டது. அழைப்பை எடுத்தவள் மறந்துபோய் அப்படியே விட்டிருக்கிறாள்.

"என்னது? தாலி குழிக்குள்ள கிடக்கா?"

"இத்தாலி அத்தே, இத்தாலி!" என்று நான் போனின் மேல் பாய்ந்தேன். "நம்ம இத்தாலி அண்ணன் குழிக்குள்ள இருக்காரு!"

"அவரு எதுக்கு மாப்ளே குழிக்குள்ள போனாரு?"

"தோண்டுறதுதான் அவரு வேலைல்லா."

"அதுக்கு இவ எதுக்கு அழுதா?"

"வெங்காயம் அத்தே."

"பாவம், தூர தேசத்துல வந்து குழி தோண்டிப் பொழைக்காரு அந்த மனுசன். ரெண்டு தோசை கூட வைச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மறுநாள் வேலைக்குப் போகும் முன் ஒரு குழம்புக் கரண்டியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு பின்பக்கம் போனேன். எனக்கு முன்பே அண்ணன் அங்கே இருந்தார். குழியைச் சுற்றிக் கயிறு கட்டி, மழைக்குத் தார்ப்பாய் விரித்து, நாலு மூலையிலும் சின்னக் கொடி நட்டிருந்தார். கரண்டியின் காம்பு என் காலருக்கு மேலே தெரிந்திருக்க வேண்டும். "சாம்பார் வைக்கப் போறீரோ?" என்றார்.

சனிக்கிழமை காலை தோண்டல் தொடங்கியது. மொத்தமாக வெளியே கொட்டிப் பார்த்துவிடலாமே என்று கோமதி கெஞ்சினாள். "கொட்டினால் சங்கிலி கிடைக்கும் தங்கச்சி. தாலி சின்னன். கொக்கி தேஞ்சது எண்டு நீங்கள்தானே சொன்னியள்? கழண்டு கீழ போச்செண்டால் பேந்து ஒருக்காலும் கிடையாது. ஆறுதலாத்தான் செய்ய வேணும்" என்றார். இந்தத் தடவை அவளுக்கு அந்தச் சொல் எந்த அர்த்தத்தில் விழுந்ததோ தெரியாது, தலையை ஆட்டிவிட்டுச் சமையலறை ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

தேதி கண்டுபிடிக்க அவர் வைத்த முறை எங்கள் சமையல்தான். குழிக்குள்ளிருந்து குரல் கொடுப்பார்.

"தங்கச்சி, முருங்கைக்காய் எண்டைக்கு வைச்சனீங்கள்?"

"புதன்கிழமை அண்ணே!"

"அப்ப நாங்கள் புதன்கிழமையில நிக்கிறம்" என்று நோட்டில் எழுதிக்கொள்வார்.

வாழைப்பூ மடல் வந்தது, திங்கள். பூசணித் தோல், ஞாயிறு. அவருடைய காப்பிச் சக்கை தினமும் கறுப்புக் கோடாக ஓடியது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றேன். வரலாறு என்பது எவ்வளவு கொடுமையானது என்று எனக்கு அன்று புரிந்தது. போன வார வெள்ளியில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டி வந்தது.

"இது என்ன? உப்புமாவோ? ஆரும் தொடாத உப்புமா, முழுசாக் கிடக்குது!"

ஜன்னலில் கோமதியின் முகம் மாறியது. "ரெண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன்னு சொன்னீங்களே?"

உப்புமாவுக்கே இந்தக் கதி என்றால், அதற்கும் கீழே ஆறு நாள் தள்ளி உட்கார்ந்திருப்பதற்கு என்ன கதி? அன்று அதோடு நிறுத்தித் தார்ப்பாயை மூடினார். அவர் கயிற்றை இறுக்கிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். ஒரு முறை "அண்ணே" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, காத்திருந்தார். "மழை வரும் போல" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அந்தச் சனிக்கிழமைக்கு வந்து சேர்ந்தார். தேயிலைச் சக்கையைப் பெயிண்ட் அடிக்கும் சின்னத் தூரிகையால் விலக்கினார். உருண்டையாக ஒன்று தலைகாட்டியது. இரண்டு சிரட்டைகள், வாயோடு வாய் பொருந்தி.

அவர் குரல் சுருதி இறங்கிவிட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது. "இது எறிஞ்சதில்லை தம்பி. எறியிற ஆள் மூட மாட்டான். இது ஒளிச்சது."

நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேல் சிரட்டையைத் தூக்கினார். எலும்புகள் இருந்தன. எறும்பு அரித்துச் சுத்தமாக, பார்த்தவுடன் கோழி என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அடியில் பழுப்பேறிய டிஷ்யூ. விரலால் விலக்கினார். சங்கிலி மினுங்கியது. தாலி அதிலேயே இருந்தது.

அவர் எலும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். எலும்பும் தேதியும் வாளியும் வாளியைப் பிடித்திருக்கிற ஆளும் அவருக்கு அந்த ஒரு நிமிஷத்தில் ஒரே வரியாகப் படித்து முடிந்திருக்கும். கோமதி ஏதோ உணர்ந்து ஜன்னலைவிட்டு ஓடி வரும் சத்தம் கேட்டது. அவள் கதவைத் திறப்பதற்குள் எலும்புகள் முழுக்க அந்த ஆரஞ்சுச் சட்டைப் பைக்குள் போய்விட்டன.

"கிடைச்சிட்டுது தங்கச்சி" என்றார்.

அவள் மண்ணிலேயே உட்கார்ந்து அதை இரண்டு கையாலும் வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு பதினைந்து நாளாக எனக்குத் தெரியாமல் அழுததையெல்லாம் அங்கே அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைவைத்தேன். அந்தக் கைக்கு அந்தத் தகுதி இல்லை என்று தெரிந்தேதான் வைத்தேன்.

கொஞ்சம் தெளிந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எங்க கிடந்துச்சுண்ணே?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்குச் சொந்தக்காரர் அவர். அதற்குத் தப்பான பதில் சொன்னவர்களை அவர் மன்னித்து நான் பார்த்ததில்லை.

"சிரட்டைக்குள்ளதான். தனியக் கிடந்தது. ஒரு அழுக்கும் படேல்லை" என்றார்.

அவள் உள்ளே போய்க் குளித்து விளக்கேற்றினாள். அண்ணன் நோட்டைத் திறந்தார். பேனாவைக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் பிடித்திருந்தார். பிறகு ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டு, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரிடம் போய் ஒரு முள்மண்வெட்டி கடன் வாங்கி வந்தார். குழிக்குள் இறங்கினார். எந்த அடுக்கையும் தொடவிடாத அந்த மனிதர், புதன், செவ்வாய், திங்கள் என்று பார்க்காமல் மேலது கீழாகக் கிளறித் தள்ளினார். வியர்வை கொட்டியது. "அண்ணே, விடுங்கண்ணே" என்று நான் மண்வெட்டியைப் பிடிக்கப் போனேன்.

"இனி இதில வாசிக்க ஒண்டும் இல்லைத் தம்பி" என்றார். என்னிடம் அதைப்பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். அந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் தக்காளி காய்த்துத் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, நான்தான் அப்போதே சொன்னேனே என்றார்.

அதற்கடுத்த வருஷம், பழைய இடத்தில் ஒரு கிணற்றைத் திறக்கப் போகிறார்கள் என்று கடிதம் வந்து அண்ணன் இத்தாலிக்கே திரும்பிப் போனார். இப்போது அங்கேதான் இருக்கிறார். ஞாயிறுதோறும் குரல் பதிவு அனுப்புவார். குழாய் பதிக்கத் தெருவை வெட்டினால் போதும், அன்றைக்குப் பத்து நிமிஷம். "ரோமாக்காரரும் தங்கட குசினிக் குப்பையைப் பக்கத்து வீட்டு வளவுக்குள்ளதான் எறிஞ்சிருக்கினம் தம்பி. சண்டை பிடிச்சிருப்பினம், என்ன?" என்று சிரிப்பார். பின்னால் கோப்பையில் கரண்டி கலக்கும் சத்தம் கேட்கும். நாலு வருஷமாக நான் கோமதியிடம் எதையும் சொல்லவில்லை. அவர் எனக்காகச் சொன்ன பொய்யை நான் எப்படி உடைப்பது என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

நான் எதை எழுதினாலும் எழுத்துப்பிழை பார்ப்பது கோமதி. இதுவரை நீங்கள் படித்ததைப் போன வாரம் எழுதி முடித்து, அந்தச் சனிக்கிழமையை வெட்டிவிட்டுக் கொடுக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன். அவள் நிதானமாகப் படித்தாள். இரண்டு இடத்தில் ஒற்றெழுத்தைத் திருத்தினாள். கடைசிப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"நாலு துண்டா?" என்றாள்.

"ஆமா."

"பெருமாள் முன்னாடி இருந்த சிரட்டையில."

"ஆமா."

அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனை எடுத்து இத்தாலிக்குப் போட்டு, மேசைமேல் வைத்து ஸ்பீக்கரை அழுத்தினாள். அங்கே காலை நேரம்.

"அண்ணே, தாலி கோழி எலும்போட கிடந்துச்சாமே. இவரு எழுதியிருக்காரு."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. "ஓம் தங்கச்சி."

"இவரக் காப்பாத்தவா பொய் சொன்னீங்க?"

"அவரைக் காப்பாத்தி எனக்கென்ன? அவருக்கு நல்லா ரெண்டு விழுந்திருக்க வேணும்" என்றார் அண்ணன். பிறகு குரல் இறங்கியது. "எலும்புக்குள்ள கிடந்தது எண்டு அண்டைக்குச் சொல்லியிருந்தால், நீங்கள் அதை மனசாரக் கழுத்தில போட்டிருக்க மாட்டியள். போடேக்க எல்லாம் அதுதான் கண்ணுக்குள்ள நிண்டிருக்கும். உங்கட தாலி தங்கச்சி. நீங்கள் சந்தோஷமாப் போட வேணும் எண்டுதான் சொன்னனான்."

கோமதியின் கை கழுத்துக்குப் போனது.

"இப்ப தெரிஞ்சிட்டுதே, கழட்டிப்போடுவியளோ?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். அவர் குரலில் பயத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நாலு வருசமாப் போட்டிருக்கேன்ணே. இனிமே எதுக்குக் கழட்டணும்" என்றாள் கோமதி. "புரட்டாசி முடியவும் கிளம்பி வாங்க. பின்னறை சும்மாதான் கெடக்கு."

நாலு வருஷமும் அந்தப் பொய் எனக்காகச் சொன்னது என்று நினைத்து அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை என்று தெரிந்த அன்றைக்குத்தான் அந்த மனிதரை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனது.